கார் ஹெட்லைட்டுக்கு 'கண்புரை' வந்திருக்கா? பேஸ்ட் தேய்ச்சா மட்டும் போதாது!

சென்னை:

"புது பல்பு மாத்தியாச்சு. பேட்டரியும் புதுசு. ஆனாலும் ராத்திரியானா ரோடு சரியா தெரிய மாட்டேங்குது..."

பழைய கார் வைத்திருப்பவர்கள், கால் டாக்சி ஓட்டுபவர்கள் வாயில் இருந்து அடிக்கடி வரும் புலம்பல் இது. மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் வயரிங் பார்க்கச் சொல்வார்கள். வயரிங்கும் பார்த்தாச்சு. வெளிச்சம் மட்டும் அகல் விளக்கு மாதிரியே இருக்கும்.

ஒரு நிமிஷம் காருக்கு முன்னால் போய் நின்று ஹெட்லைட்டை உற்றுப் பாருங்கள். வாங்கிய புதிதில் பளிங்கு மாதிரி இருந்த மூடி, இப்போது மோர் குடித்து வைத்த டம்ளர் மாதிரி வெளுத்துப் போயிருக்கிறதா? அல்லது மஞ்சள் காமாலை வந்தவர் கண் மாதிரி பழுத்துக் கிடக்கிறதா? அப்படியென்றால் பல்பு மேலே தப்பு இல்லை. வெளிச்சம் உள்ளேயே மாட்டிக்கொண்டு தவிக்கிறது.

மனுஷனுக்கு வயசானால் கண்ணில் புரை விழுகிறது. காருக்கு வயசானால் ஹெட்லைட்டில் புரை விழுகிறது. மனுஷனுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். காருக்கு மட்டும், "பார்க்கத்தானே அசிங்கமா இருக்கு, ஓடுதுல்ல" என்று விட்டுவிடுகிறோம்.

100-க்கு 20 தான்!

அமெரிக்காவில் 'டிரிபிள் ஏ' என்று அழைக்கப்படும் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2018-ம் ஆண்டு இதை சோதித்துப் பார்த்தது. சுமார் 11 வருஷம் ஓடிய கார்களின் மங்கிப்போன ஹெட்லைட்டுகளைக் கழற்றி அளந்தார்கள். டிம் லைட்டில் புது ஹெட்லைட் கொடுக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் வெளியே வந்தது. 100 ரூபாய் சம்பளத்தில் 20 ரூபாய் மட்டும் கைக்கு வந்த கதை!

இது ரோட்டில் என்ன செய்யும் என்று ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். அதையே திருப்பிப் போட்டால், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது கண்ணுக்குத் தெரியும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல ஹெட்லைட்டில் 60 மீட்டர் தள்ளித் தெரிகிற ஆள், மங்கிய ஹெட்லைட்டில் 27 மீட்டர் வந்த பிறகுதான் தெரிவார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டிவிடும். டிரைவர் பார்த்து, மூளையில் உறைத்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விடும். அதற்குள்ளேயே 25 மீட்டர் காலி. அப்புறம் காய்ந்த ரோட்டில் கார் நிற்க இன்னொரு 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். உங்களுக்குத் தெரிந்ததோ 27 மீட்டரில்!

கறுப்புச் சட்டை போட்டு ரோட்டைக் கடக்கிற பெரியவர், ரோட்டில் படுத்திருக்கிற மாடு, பின்பக்க லைட் எரியாமல் ஓரமாக நிற்கிற டிராக்டர் டிரெய்லர்... மீதியை எழுத வேண்டியதில்லை. தெருவிளக்கு நிறைந்த அண்ணா சாலையில் இது உறைக்காது. செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் பக்கம் போகும்போதும், ஈ.சி.ஆரில் மகாபலிபுரத்தைத் தாண்டிய பிறகும்தான் உறைக்கும்.

சட்டமும் சும்மா விடவில்லை. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-வது விதி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து ஓடும் வண்டியின் விளக்கு, எதிரே 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. வாடகைக் கார்களுக்கு 8 வயது தாண்டினால் வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். அங்கே ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களை 15 வருஷம் வரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அதனால்தான் தெருவில் நிற்கும் சொந்தக் கார்களில் புரை அதிகம்!

கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது

"எங்க அப்பா வச்சிருந்த அம்பாசடர்ல இந்த தொல்லையே கிடையாதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அம்பாசடர், பிரிமியர் பத்மினி காலத்து உருண்டை ஹெட்லைட்டுகளுக்கு முன்மூடி அசல் கண்ணாடி. கண்ணாடி வெயிலில் பழுக்காது. 40 வருஷம் ஆனாலும் துடைத்தால் பளிச். ஆனால் கனம் அதிகம். கல் பட்டால் உடையும். முக்கியமாக, காரின் முகத்துக்கு ஏற்றபடி வளைத்து நெளித்துச் செய்ய முடியாது.

இப்போது ஓடும் கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-ம் ஆண்டு ஜெர்மனியில் பேயர் கம்பெனியும் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. ஹெல்மெட்டின் முன்மூடி, பாட்டு சி.டி. எல்லாம் இதே ஜாதிதான். சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் உடையாது. எடை குறைவு. எந்த வடிவத்துக்கும் வளையும்.

ஆனால் இரண்டு பலவீனம் உண்டு. ஒன்று, சீக்கிரம் கீறல் விழும். இரண்டு, வெயில் ஆகாது.

இதனால்தான் தொழிற்சாலையிலேயே ஹெட்லைட் மேலே ஒரு கெட்டியான கோட்டிங் அடித்து அனுப்புகிறார்கள். தலைமுடியைவிட மெல்லியது, கண்ணுக்கே தெரியாது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்தும் குடை அதுதான். இந்தக் குடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டர் பூராவும் இதில்தான் இருக்கிறது.

வெயில்தான் வில்லன்

சென்னை வெயிலைப் பற்றி சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் பார்க்கிங் இல்லாமல் தெருவிலேயே வருஷக்கணக்கில் நிற்கும் காரின் குடை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. முதலில் கோட்டிங்கில் மெல்லிய வெடிப்பு. அப்புறம் அங்கங்கே உரிந்து, தோல் உரிந்த மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்குப் பிறகு வெயில் நேரடியாக பிளாஸ்டிக்கைத் தாக்கும். பிளாஸ்டிக் மஞ்சளாகி, மேல்தோல் மாவு பூத்துப்போகும்.

நெடுஞ்சாலையில் பறந்து வரும் மணலும் தூசியும் பொடிக்கல்லும் பொடிக்கீறல் போடும். காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த துணியால் "சரக் சரக்" என்று தூசி தட்டுகிறோமே, அதுவும் உப்புத்தாளால் தேய்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உங்கள் காரில் ஒரு பக்க லைட் மட்டும் அதிகமாகப் பழுத்திருக்கிறதா? தினமும் கார் நிற்கும் இடத்தில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. மங்கிய மூடி வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்காமல் அங்கும் இங்கும் சிதறடிக்கிறது. நமக்கு ரோடு தெரியாது. எதிரே வருபவருக்குக் கண் கூசும். "நமக்கே வெளிச்சம் இல்ல, இவன் எதுக்கு லைட் அடிச்சுக் காட்டுறான்?" என்று நாம் அவரைத் திட்டிக்கொண்டு போவோம்!

முதலில் ஒரு சொம்பு தண்ணீர்

வேலையில் இறங்கும் முன் புரை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம். ஒரு சொம்பு தண்ணீர் போதும்.

ஹெட்லைட் மேலே தண்ணீரை ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது மூடி தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் கோளாறு வெளித்தோலில்தான். நம்மால் சரி செய்ய முடியும்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றம் இல்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்திவலை கோத்திருந்தால் சீல் போயிருக்கும் அல்லது காற்றுத் துளை அடைத்திருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளி நிற ரிப்ளெக்டர் கருகியோ, ரசம் போன கண்ணாடி மாதிரி உரிந்தோ இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை. பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தாலும் அப்படித்தான். அந்த ஹெட்லைட்டுக்கு ஆபரேஷன் கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

பேஸ்ட் வைத்தியம்

வாட்ஸ்அப்பில் வராத வைத்தியம் உண்டா? "பல் தேய்க்கும் பேஸ்ட்டை ஹெட்லைட்டில் தேய்த்தால் புதுசு போல ஆகும்" என்ற வீடியோ வருஷக்கணக்காகச் சுற்றுகிறது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. பல் பேஸ்ட்டில் நைசான தேய்மானப் பொடி உண்டு. பல்லில் கறையைத் தேய்த்து எடுப்பது அதுதான். ஹெட்லைட்டில் லேசாக மங்கல் இருந்தால் அந்தப் பொடி மேல்பூச்சைக் கொஞ்சம் எடுத்துவிடும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

இதை எழுதுகிறவரும் தன்னுடைய பழைய காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை டியூப் பேஸ்ட்டைக் காலி செய்தவர்தான். வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை. அன்று சாயங்காலம் கார் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு மாதம் தாண்டவில்லை, பழையபடி பால் வடிய ஆரம்பித்துவிட்டது.

ஏன் என்றால் அந்தக் குடை! பேஸ்ட் அழுக்குத் தோலை எடுக்கும், புதுக் குடை பிடிக்காது. மிச்சம் மீதி இருந்த கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? முன்பைவிட சீக்கிரமாகவே பழுக்கும்.

பேஸ்ட்டாவது பரவாயில்லை. சிலர் பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று இறங்கிவிடுகிறார்கள். கொசு விரட்டும் ஸ்பிரே அடித்துத் துடைக்கும் வீடியோவும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இவை எல்லாம் பாலிகார்பனேட்டை இளக்கி அரிக்கிற சரக்குகள். துடைத்த உடனே மினுங்கும். அப்புறம் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். தேய்த்துச் சரி செய்திருக்கக் கூடிய ஹெட்லைட்டை ஒரே நாளில் குப்பைக்கு அனுப்புகிற வேலை இது.

சரியான முறை என்ன?

வேலை கஷ்டம் இல்லை. பொறுமைதான் வேண்டும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். பெயிண்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கொடுப்பார்கள். 800, 1000, 1500, 2000 ஆகிய நம்பர்களில் இரண்டிரண்டு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பர் ஏற ஏற தாள் நைசாகும். மேல் கோட்டிங் உரிந்து ரொம்பவும் மோசமாக இருந்தால் மட்டும் 600-ல் ஆரம்பிக்கலாம். கூடவே ஒரு மாஸ்கிங் டேப், கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், சுத்தமான மெல்லிய துணி. காசு பெரிதாக ஆகாது.

காரை நிழலில் நிறுத்துங்கள். இஞ்சின் சூடு ஆறட்டும். ஹெட்லைட்டை சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மணல் ஒரு பொட்டு கூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு ஹெட்லைட்டைச் சுற்றி பானெட், பம்பர், பெண்டர் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். இதை சோம்பேறித்தனப்பட்டு விட்டவர்கள் ஹெட்லைட்டை மீட்டு, பெயிண்ட்டைத் தொலைத்த கதை ஏராளம்.

தாள்களை ஒரு பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பக்கெட்டில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு ஓடும்.

முதலில் 800. இடமும் வலமுமாக, ஒரே திசையில், ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். முழு பலத்தைக் காட்ட வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தாள் காய்ந்தால் கோடு விழும்.

தேய்க்கத் தேய்க்க வழியும் தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் மஞ்சளாக வரும். அதுதான் செத்துப்போன தோல். தேய்த்துக்கொண்டே போனால் மஞ்சள் குறைந்து வெறும் பால் மாதிரி வெள்ளையாக வரும். அப்போது 800 நம்பரின் வேலை முடிந்தது என்று அர்த்தம். மஞ்சள் நிற்பதற்கு முன்பே அடுத்த தாளுக்குத் தாவினால், கடைசியில் பளபளப்புக்கு அடியில் ஒரு மஞ்சள் திட்டு நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இந்த இடத்தில் பலரும் பயந்துவிடுகிறார்கள். முதல் தாள் முடிந்து காய்ந்ததும் ஹெட்லைட் முன்பைவிட மோசமாக, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி பூராவும் வெள்ளையாகத் தெரியும். "அய்யய்யோ, இருந்ததையும் கெடுத்துட்டேனே" என்று தோன்றும். பதற வேண்டாம். அப்படித்தான் ஆகும்.

அடுத்தது 1000. இந்த முறை மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். முன் தாள் போட்ட குறுக்குக் கோடுகள் எல்லாம் மறையும் வரை. திசையை மாற்றுவது இதற்காகத்தான், எந்தக் கோடு பழசு, எந்தக் கோடு புதுசு என்று கண்ணுக்குத் தெரியும். 1500-க்கு மறுபடி இடம் வலம். 2000-க்கு மேல் கீழ். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஹெட்லைட்டையும் கையையும் கழுவி, பக்கெட் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். 800 தாளில் இருந்து உதிர்ந்த ஒரு துகள் 2000 தாளுக்கு அடியில் மாட்டினால் போச்சு, மறுபடி முதலில் இருந்து!

2000 முடிந்ததும் காயவைத்து, துணியில் காம்பவுண்ட் எடுத்து அழுத்தித் தேய்த்தால் வெள்ளை மறைந்து தெளிவு வரும். அப்புறம் பாலிஷ். டிரில் மிஷினில் ஸ்பாஞ்ச் மாட்டி பப்பிங் போடுகிறவர்கள் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் சூடாகி இளகிவிடும்.

நிறைய பேர் இந்த இடத்தில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

குடை பிடிக்க மறக்காதீங்க

இப்போது உங்கள் ஹெட்லைட் பச்சைக் குழந்தை மாதிரி. மேலே எந்தப் பாதுகாப்பும் இல்லை. அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள், புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஏதாவது ஒரு கோட்டிங் போட்டாக வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறது.

சுலபமானது, துணியில் தொட்டுத் தடவும் சீலன்ட். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சில மாதங்கள்தான் தாங்கும். காலண்டரில் குறித்து வைத்து மறுபடி மறுபடி தடவ வேண்டும். நம் ஊர் வெயிலில் நின்று நம்மில் எத்தனை பேர் இதைச் செய்யப் போகிறோம் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இரண்டாவது, '2கே' கிளியர் கோட். கார் பெயிண்டுக்கு மேலே கடைசியாக அடிக்கும் பளபள பூச்சு. ஹார்ட்னர் கலந்து அடிப்பது. ஒழுங்காக அடித்தால் ஓரிரு வருஷம் தாங்கும். நம்முடைய ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கூட வரவழைக்கும். துணி மாஸ்க் எல்லாம் இதைத் தடுக்காது. வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை.

அதனால் தேய்க்கும் வேலையை நீங்களே முடித்துவிட்டு, பக்கத்து டிங்கரிங்-பெயிண்டிங் கடையில் வண்டியை விட்டு, "ரெண்டு ஹெட்லைட்டுக்கும் 2கே கிளியர் மட்டும் அடிச்சுக் கொடுங்க" என்று கேட்பது புத்திசாலித்தனம். அடிக்கும் கிளியர் புறஊதாக் கதிரைத் தாங்குவதுதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளியர் அடிப்பதாக இருந்தால் காம்பவுண்டும் பாலிஷும் போடக் கூடாது. தாளின் நைசான கோடுகள் இருந்தால்தான் கோட்டிங் பிடித்துக்கொள்ளும். பாலிஷின் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆறே மாதத்தில் அப்பளம் மாதிரி உரியும். 2000 தாள் போட்டபிறகு வெள்ளையாகத் தெரிவதும் கிளியர் அடித்த உடனே மாயமாக மறைந்துவிடும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அடித்த பிறகு ஒரு நாள் முழுக்க மழையும் தண்ணீரும் படக் கூடாது.

மூன்றாவது, மேலே ஒட்டும் கண்ணாடி போன்ற பிலிம். கார் பெயிண்டைக் காக்க ஒட்டுகிறார்களே, அதே வகை. கல்லடியையும் தாங்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற டாக்சிகளுக்கு நல்லது. ஆனால் வளைவு நெளிவான ஹெட்லைட்டில் குமிழ் இல்லாமல் ஒட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். கறுப்பு, மஞ்சள் கலர் பிலிம்களை ஸ்டைலுக்காக ஒட்டிக்கொள்கிறார்கள் சிலர். இவ்வளவு கஷ்டப்பட்டு வெளிச்சத்தைக் கொண்டுவந்து மறுபடி திரை போடுவதா?

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி

"எனக்கு இதுக்கெல்லாம் நேரம் இல்லீங்க" என்பவர்கள் கடையில் கொடுக்கலாம். தப்பில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "தேய்ச்ச பிறகு மேலே என்ன கோட்டிங் போடுவீங்க?"

இதற்கு நேரான பதில் வந்தால் வண்டியை விடலாம். "கோட்டிங் எல்லாம் வேணாம் சார், பாலிஷே போதும்" என்று பதில் வந்தால், நீங்கள் வீட்டில் போட வேண்டிய பேஸ்ட் வைத்தியத்தைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம்.

சில கடைகளில் ஒரு சின்ன குவளையில் திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை ஹெட்லைட் மேலே காட்டுவார்கள். ஆவி பட்ட இடம் எல்லாம் மந்திரம் போட்ட மாதிரி பளிங்காகும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களின் ஆவி அது. பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக உருக்கி வழவழப்பாக்குகிறது, அவ்வளவுதான். அந்த ஆவியும் உடம்புக்கு நல்லதல்ல. பளபளப்பு வந்தாலும் இதிலும் குடை கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆவி காட்டிய பிறகு தனியாகக் கோட்டிங் போட்டுத்தான் ஆக வேண்டும்.

புதுசு மாத்திடலாமா?

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். முன்பு சொன்ன அதே அமெரிக்க சோதனையில், தேய்த்துச் சரி செய்த ஹெட்லைட்டுகளில் வெளிச்சம் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குத்தான் திரும்பியது. கடையில் செய்தாலும் சரி, கையால் செய்தாலும் சரி, இரண்டும் ஒரே மாதிரிதான். எதிரே வருபவருக்குக் கூச்சமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கம்பெனி அசல் ஹெட்லைட் மாற்றியபோதுதான் 100 சதவீதம் வந்தது. வெளிக் கம்பெனி ஹெட்லைட்டுகள் 83 முதல் 90 சதவீதம் வரை கொடுத்தன. ஆனால் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுவதில் கோட்டை விட்டன.

எனவே தினமும் ராத்திரி ஹைவேயில் சவாரி போகிறவர், வருமானமே அதில்தான் என்றால், கணக்குப் பார்க்காமல் அசல் ஹெட்லைட் ஜோடியாக மாற்றிவிடுவது நல்லது. ஊருக்குள் ஆபீஸ், கடை, கோவில் என்று ஓடுகிற சொந்தக் காருக்கு 20-ல் இருந்து 70-க்கு வருவதே பெரிய லாபம்.

புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் ஹெட்லைட் பார்க்கப் போகிறவர்கள், மூடி பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அதுவும் பாலிஷ் போட்டதாக இருக்கலாம். உள்ளே ரிப்ளெக்டர் பளபளப்பாக இருக்கிறதா, பின்னால் மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கிறதா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு சுற்றுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டு சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அது ரோட்டின் வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லைட்டாக இருக்கலாம். அதன் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்கே நேராகப் போகும்.

வெளிச்சம் பத்தவில்லை என்று பல்பை மட்டும் பெரிதாக்குவது இன்னொரு தப்பு. பெரும்பாலான சின்னக் கார்களில் வருவது 60/55 வாட் பல்பு. அதைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், வயர் கருகும், ரிப்ளெக்டரின் ரசம் போகும். மூடி மங்கலாக இருக்கும்போது எவ்வளவு பெரிய பல்பு போட்டாலும் சிதறல்தான் அதிகமாகும். அழுக்குத் தண்ணீர் வரும் குழாய்க்குப் பெரிய மோட்டார் வைத்த கதை!

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் இதே முறையைச் செய்யலாம். 2017-ம் ஆண்டு ஏப்ரலில் இருந்து வரும் இரு சக்கர வாகனங்களில் ஹெட்லைட் பகலிலும் அணையாமல் எரிகிறது. மூடி மங்கியிருப்பது பகலில் தெரியாது, ராத்திரி பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும்.

சுவர் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இத்தனை நாள் மங்கிக் கிடந்த லைட் இப்போது கூர்மையாக அடிக்கும். அது எங்கே அடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சமதளமான இடத்தில், டயர்களில் காற்று சரியாக இருக்கும்போது, காரை ஒரு சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி டிம் லைட் போடுங்கள். பல்பின் நடு உயரத்தை சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காரை நேராக 10 மீட்டர் பின்னால் எடுங்கள். டிம் லைட்டின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது பக்கம், அதாவது ரோட்டோரம் நடந்து போகிறவர்கள் பக்கம், வெளிச்சம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அது சரிதான். கோட்டுக்கு மேலே அடித்தால் ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி இறக்க வேண்டும். தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று நம்பர் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கும். வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் கூட அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். டிரைவர் மட்டும் போகும்போது 0. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டி படுக்கையும் ஏறினால் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், லைட்டும் வானத்தைப் பார்க்கும். அப்போது 2 அல்லது 3-க்குத் திருப்பினால் வெளிச்சம் ரோட்டுக்கு இறங்கி வரும். கிளாம்பாக்கத்தில் சவாரியை இறக்கிவிட்டதும் மறக்காமல் 0-க்கு கொண்டு வந்துவிடுங்கள்.